ரெட்டைப் பிள்ளை யார் வீட்டு வழி? செட்டிநாட்டுக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இதை எழுத அந்தக் குடும்பம் சம்மதம் தந்திருக்கிறது. பெயர், ஊர், கோவில் எதையும் சொல்லப்போவதில்லை. கணவன் வீடு, மனைவி வீடு இரண்டும் நகரத்தார் வீடுகள் என்பது மட்டும் தெரிந்தால் போதும். அது தெரியாவிட்டால் இந்த வழக்கின் முடிச்சு விளங்காது.

காரைக்குடியில் மருத்துவரான என்னிடம் அந்த மனைவி வந்தபோது அவருக்கு வயது 32. இரண்டாவது கர்ப்பம், 13 வாரம். மூத்தவன் 5 வயதுப் பையன். கருத்தரிக்க மாத்திரையோ ஊசியோ எடுத்ததில்லை. உயரம் 164 செ.மீ., எடை 61 கிலோ, ஹீமோகுளோபின் 10.4. வேறு ஊரில் எடுத்த ஸ்கேன் தாளில் ‘இரட்டைக் கரு’ என்று மட்டும் இருந்தது. நஞ்சு (நஞ்சுக்கொடி) ஒன்றா இரண்டா என்று எழுதவில்லை. இரட்டைக் கர்ப்பத்தில் முதலில் எழுத வேண்டியதே அதுதான்.

கூட வந்தவர்கள் மூன்று பேர்: பெற்ற தாய், மாமியார், ஓர்ப்படியாள் (கணவனுடைய தம்பியின் மனைவி). உட்கார்ந்ததும் மாமியார் ஆரம்பித்தார். “டாக்டரம்மா, இது எங்க வீட்டு வழி. எங்க வீட்டுல ஏற்கனவே மூணு ரெட்டை இருக்கு. மூத்தவன் கல்யாணத்தப்பவே நான் நெனச்சேன்.” பெருமையும் பயமும் சேர்ந்த குரல். பெற்ற தாய் பக்கம் திரும்பி, “உங்க வீட்டில் யாருக்காவது?” என்று கேட்டேன். “எங்க பக்கம் ஒண்ணும் இல்லீங்க” என்றார், தவறு செய்தவர் போல.

மற்றவர்கள் ஸ்கேன் அறைக்குப் போனதும் ஓர்ப்படியாள் தனியாக வந்து நின்றாள். வயது 27, கல்யாணமாகி 3 வருடம், போன வருடம் ஒரு கரு கலைந்திருக்கிறது. “எனக்கும் ரெட்டைதான் வருமா டாக்டர்?” என்று கேட்டாள். கணவன் வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) ஒரு பழைய புகைப்படம் மாட்டியிருக்கிறதாம். ஒரே மாதிரி கடுக்கன், ஒரே மாதிரி அங்கவஸ்திரம், இரண்டு ஆண்கள். அவர்களைப் பெற்ற தாய் பத்தாம் நாள் இறந்துபோனார் என்று அந்த வீட்டில் மருமகளாக வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சொல்லப்படுகிறது. கரு கலைந்த பிறகு அவள் அந்தப் படத்தின் பக்கமே போவதில்லை. அடுத்த பிள்ளைக்கு யோசிக்கவும் பயம். கர்ப்பமாக இருந்தவர் மூத்தவர், ஆனால் என் முன்னால் நின்ற நோய் இவளுடைய பயம். இந்த வழக்கை நான் விரித்து எழுதுவதற்குக் காரணம் அவள்.

ஸ்கேனில் கண்டது

இரண்டு துடிப்பு, இரண்டு பனிக்குடம். நடுவில் இருந்த சவ்வு தடிமனாக, நஞ்சைத் தொடும் இடத்தில் ஆப்பு அடித்தது போல முக்கோணமாக விரிந்திருந்தது. நஞ்சு இரண்டு என்பதற்கு அதுதான் அடையாளம். 11 முதல் 14 வாரத்துக்குள் இது தெளிவாகத் தெரியும், தள்ளிப்போனால் மங்கிவிடும்.

“ரெண்டு நஞ்சுன்னா ரெண்டும் வேற வேற மாதிரிப் பிள்ளைதானே?” என்று மாமியார் கேட்டார். நல்ல கேள்வி. பல மருத்துவர்களே இங்கே வழுக்குகிறார்கள். இரண்டு சினைமுட்டை வெளிவந்து தனித்தனியாகக் கருவானால் அது இரு கரு இரட்டை. கூடப்பிறந்த அண்ணன் தங்கை போன்ற உறவுதான், ஒரே நேரத்தில் வயிற்றில் இருக்கிறார்கள், அவ்வளவே. ஒரே முட்டை கருவாகி, பிறகு இரண்டாகப் பிரிந்தால் அது ஒரு கரு இரட்டை, உரித்து வைத்தாற்போல இருப்பவர்கள். இரு கருவுக்கு ஏறக்குறைய எப்போதும் இரண்டு நஞ்சு. ஆனால் ஒரு கருவும் முதல் 3 நாளுக்குள் பிரிந்துவிட்டால் அதற்கும் இரண்டு நஞ்சு வந்துவிடும். ஒரு கரு இரட்டைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அப்படித்தான். ஆகவே ஸ்கேனை மட்டும் வைத்து எந்த வகை என்று சொல்ல முடியாது. ஒன்று ஆண், ஒன்று பெண் என்று தெரிந்தால் சந்தேகமே இல்லாமல் இரு கரு என்று சொல்லலாம். ஆனால் 1994 சட்டப்படி அதைப் பார்த்துச் சொல்வது குற்றம், நானும் பார்ப்பதில்லை. பிறக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான் என்றேன்.

வகையைப் பற்றி இவ்வளவு கவலைப்படக் காரணம் உண்டு. குடும்பத்தில் வருவது இரு கரு மட்டும்தான். ஒரு கரு இரட்டை உலகத்தில் எந்த ஊரிலும் ஆயிரம் பேறுக்கு 4 என்ற அளவை ஒட்டியே இருக்கிறது. கறுப்பர், வெள்ளையர், பணக்காரர், ஏழை, இளம்வயது, முதிர்வயது என்று எந்த வித்தியாசமும் அதற்கு இல்லை. ஒரு தாய்க்கு அது நடந்ததால் அவள் மகளுக்கும் நடக்கும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. இரு கரு அப்படி இல்லை. நைஜீரியாவின் யொருபா மக்களிடம் அது மிக அதிகம், ஜப்பானில் மிகக் குறைவு, நம் நாட்டிலும் குறைவுதான். நம் பக்கத்தில் இயற்கையாக ஆயிரம் பேறில் இரட்டை 10-ஐத் தொடாது, அதில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக இரு கரு.

வீட்டார் சொன்ன மூன்று

மாமியார் சொன்ன மூன்றையும் ஒன்றொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு தாளில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் போட்டு, இரட்டைக்கு ஒரே புள்ளியிலிருந்து இரண்டு கோடு இறக்கி வரைந்தோம். மேலே போகப் போக மாமியாருக்கே ஆர்வம் வந்துவிட்டது.

முதலாவது அந்தப் புகைப்படத்தில் இருப்பவர்கள். கணவனின் பாட்டனாருக்கு அப்பாவும் அவருடைய தம்பியும். பர்மாவின் மௌல்மீனில் கடை வைத்திருந்தவர்கள். கடையில் வட்டி கட்ட வந்தவர்கள் ஆள் மாற்றிப் பேசிய கதைகள் வீட்டில் இன்றும் உலவுகின்றன. முகம், உயரம், வழுக்கை விழுந்த விதம் வரை ஒன்று. ஒரு கரு இரட்டை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியானால் அது வம்சத்தில் இறங்குவதில்லை.

இறங்கினாலும் இந்த வீட்டுக்குள் இறங்கியிருக்காது. பாட்டனாருக்கு நேராகக் கோடு இழுக்கும்போது மாமியார் என் கையைத் தடுத்தார். “அவுக சுவீகாரம் வந்தவுகல்ல!” அந்த இரட்டையரில் மூத்தவருக்குப் பிள்ளை இல்லை. பங்காளி வீட்டிலிருந்து பிள்ளை கூட்டியிருக்கிறார்கள். நகரத்தாரிடம் இது சாதாரணம். கூட்டி வந்த பிள்ளைக்குப் புள்ளி (கோவில் கணக்கில் பதிவு), பங்கு, கொள்ளி எல்லாம் பெற்ற பிள்ளைக்கு உள்ளது போலவே. வீடு அவரைப் பெற்ற பிள்ளையாகவே நினைக்கிறது, நினைக்கவும் வேண்டும். மரபணு மட்டும் சுவீகாரச் சடங்கின் அந்த மஞ்சள்நீரை அறியாது. 60 வருடமாகப் படத்தைக் காட்டி ‘நம்ம வழி’ என்று சொல்லி வந்த வீட்டில் அந்த இரட்டையரின் நேர் ரத்தம் இறங்கவே இல்லை.

அந்தத் தாய் இறந்ததையும் விசாரித்தேன். பிரசவம் நல்லபடியாகத்தான் முடிந்ததாம். நாலாம் நாள் குளிர்காய்ச்சல் வந்து, பத்தாம் நாள் போய்விட்டார். அது பிரசவத்துக்குப் பின் கருப்பையில் கிருமி ஏறியதன் போக்கு. ஒற்றைப் பிள்ளை பெற்றவர்களும் அந்தக் காலத்தில் அப்படி இறந்தார்கள். கை கழுவாத மருத்துவச்சியும் ஆன்டிபயாடிக் இல்லாத காலமும் சேர்ந்து கொன்ற பழியை நூறு வருடமாக இரட்டைப் பிள்ளையின் தலையில் போட்டிருக்கிறார்கள். ஓர்ப்படியாளை அருகில் உட்காரவைத்து இதை இரண்டு தடவை சொன்னேன்.

இரண்டாவது, கணவனின் பெரியப்பச்சி (பெரியப்பா) வீட்டில் பிறந்த ஆணும் பெண்ணும். இது சந்தேகமில்லாத இரு கரு. ஆனால் பெற்றவர் அந்த வீட்டுப் பெண் அல்ல, வேறு கோவில் பிரிவிலிருந்து வந்த மருமகள். முட்டை அவருடையது. அதோடு அப்போது அவருக்கு வயது 38, ஆறாவது பேறு. வயது 35-ஐத் தாண்டும்போது சினைப்பையை முடுக்கும் ஹார்மோன் உடலில் கூடுகிறது, சில மாதங்களில் இரண்டு முட்டை முதிர்ந்துவிடுகிறது. பேறு கூடக் கூட வாய்ப்பும் கூடும். இதற்கு வம்சத்தைத் தேட வேண்டியதே இல்லை.

மூன்றாவது, சென்னையில் இருக்கும் பங்காளி மகன் வீட்டு இரட்டை. சோதனைக்குழாய் முறையில் 2 கருவை உள்ளே வைத்தார்கள், இரண்டும் தங்கிவிட்டன.

ஆக, மூன்றும் மூன்று காரணம். ஒன்று தற்செயல், ஒன்று வயது, ஒன்று சிகிச்சை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்றை ஒரே கூரை சேர்த்துவைத்திருந்தது.

முட்டை யாருடையது?

கணவன் வீட்டு வழி என்ற பேச்சே ஏன் செல்லாது என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் பத்துப் பன்னிரண்டு முட்டைப்பைகள் வளரத் தொடங்குகின்றன. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோன்தான் அவற்றுக்குத் தண்ணீர். சில நாளில் அந்தத் தண்ணீர் குறையும். கோடையில் ஊரணி வற்றும்போது கரையில் முளைத்ததெல்லாம் காய்ந்து, வேர் ஆழமாகப் போன ஒரே கன்று பிழைப்பது போல, ஒரு பை மட்டும் முதிர்ந்து வெடிக்கும். சில பெண்களுக்குத் தண்ணீர் கொஞ்சம் தாராளம், அல்லது அவர்களின் சினைப்பைக்குக் குறைந்த தண்ணீரே போதும். அவர்களுக்குச் சில மாதங்களில் இரண்டு பிழைக்கும். அந்தத் தன்மைதான் தாய் தகப்பனிடமிருந்து வருவது.

2016-இல் ஆம்ஸ்டர்டாமில் உள்ள வி.யூ. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று, சிகிச்சை இல்லாமல் இரு கரு இரட்டை பெற்ற 1,980 தாய்மாரின் மரபணுக்களை மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். இரண்டு இடங்கள் தெளிவாகத் தென்பட்டன. ஒன்று எஃப்.எஸ்.எச். ஹார்மோனைச் செய்யும் மரபணுவின் அருகே, மற்றொன்று அந்த ஹார்மோனுக்குச் சினைப்பை எப்படி இணங்குகிறது என்பதோடு தொடர்புள்ள ஸ்மாட் 3 என்ற மரபணு. ஒவ்வொன்றும் வாய்ப்பைக் கூட்டுவது கொஞ்சம்தான், முதலாவது 18 சதவீதம், இரண்டாவது 9. பிறகு வந்த பெரிய ஆய்வுகள் இன்னும் சில மரபணுக்களைச் சேர்த்தன. பலது சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகிற காரியம் இது. பார்க்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தார் என்பதால், ஒரு ரத்தப் பரிசோதனை செய்து ‘உங்களுக்கு இரட்டை வரும்’ என்று நம் ஊர்ப் பெண்ணிடம் யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆணுக்கும் அந்த மரபணு இருக்கலாம், ஆனால் அவனுக்குச் சினைப்பை இல்லை. அவன் மனைவிக்கு இரண்டு முட்டை வருவதை அவன் ரத்தம் தீர்மானிக்காது. அவன் மகளுக்கு அதைக் கொடுக்கலாம், மகளிடம் அது வெளிப்படலாம். ‘ஒரு தலைமுறை விட்டு வரும்’ என்று ஊரில் சொல்வது பாதி உண்மையாவது இப்படித்தான். அது எண்ணி விட்டுவிட்டு வருவதில்லை, ஆண் வழியாகப் போகும்போது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

தாய்க்கோ கூடப்பிறந்தவளுக்கோ இரு கரு இரட்டை பிறந்திருந்தால் ஒரு பெண்ணுக்கு வாய்ப்பு சுமார் இரு மடங்கு. கேட்க மலைப்பாக இருக்கும். கணக்குப் போட்டால் ஆயிரத்தில் 5 என்பது ஆயிரத்தில் 10 ஆகிறது. நூறு பேறில் 99 அப்போதும் ஒற்றைதான். வம்சத்தில் இருந்தும் பலருக்கு வராமல் போவதற்குப் பெரிய காரணம் இந்த எண்தான்.

நம் ஊரில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அத்தை மகனையோ அம்மான் மகனையோ கட்டியிருந்தால் கணவன் வீட்டு ரத்தமே மனைவி ரத்தமாகவும் இருக்கும். மாமியாரே அத்தையாக இருக்கும் வீட்டில், அந்த மாமியாரைப் பெற்றவள் இரட்டை பெற்றிருந்தால் அது மருமகளுக்கும் கணக்குத்தான். வீட்டைப் பார்க்கக் கூடாது, ரத்தத்தைப் பார்க்க வேண்டும். இந்தத் தம்பதி உறவுமுறையில் கட்டிக்கொண்டவர்கள் அல்ல.

மாமியார் அன்றைக்குக் கடைசியாகக் கேட்டது: “ஒட்டின வாழைப்பழம் சாப்பிட்டிருப்பாளோ?” நான் சிறுமியாக இருந்தபோது என் அப்பத்தாவும் அந்தப் பழத்தைத் தரமாட்டார். பழத்துக்கும் சினைப்பைக்கும் சம்பந்தமில்லை, தாராளமாகச் சாப்பிடலாம்.

ஆயா வீட்டு வளவில்

மாமியார் சொன்ன மூன்றும் கழிந்துபோன பிறகு தாளின் வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. மனைவி வழியில் அவர், அவர் தங்கை, தாய், அதற்கு மேல் ஒரு வட்டம். அவ்வளவுதான். ‘தாயைப் பார்த்துப் பெண்ணை எடு’ என்று சொல்லும் ஊரில் தாய்வழிக்கு எழுத்து இல்லை. ஒன்பது நகரக் கோவில் கணக்கிலும் புள்ளி ஆண் வழியில்தான். கல்யாணத்தோடு பெண் கணவன் கோவிலுக்குப் போய்விடுகிறாள். தாயின் தாய் எந்தக் கோவில் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். அவள் எத்தனை பேறு பெற்றாள் என்றால் தெரியாது. காசு ஐந்தொகையில் தம்பிடி பிசகாத வீடுகள் இந்தக் கணக்கை வரவு வைக்காமலே விட்டிருக்கின்றன.

நோயாளியின் ஆயாவுக்கு, அதாவது தாயைப் பெற்றவருக்கு, வயது 86. பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டில், மூன்று கட்டுகளில் ஒரு கட்டு மட்டும் பெருக்கித் துடைத்து வாழ்கிறார். முழங்கால் வலிக்கு மருந்து மாற்ற வேண்டியிருந்தது, அந்தச் சாக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பேத்தியின் தாயும் வந்திருந்தார். வளவில் வெயில் விழும் இடத்தில் மோர்மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. ஆயா தூணில் சாய்ந்து, ஓலைக் கொட்டானில் காம்பு கிள்ளிய வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“எத்தனை பேறு ஆச்சி?” என்று கேட்டேன்.

“ஆறு பேறு.”

“பிள்ளை எத்தனை?”

“ஏழு.”

மகள் நிமிர்ந்தார். “என்னத்தா சொல்லுறீக? நாங்க அஞ்சு பேருதானே.”

“இருக்கிறது அஞ்சு. நீங்க பார்த்தது அஞ்சு.”

வெற்றிலை அடுக்குவது நிற்கவில்லை. ஒரு பிள்ளை ஆறு மாதத்தில் மாந்தத்தில் போனது, அது மகளுக்குத் தெரியும். இன்னொன்று தெரியாது. மூன்றாவது பேறு, ஆயாவுக்கு அப்போது 25 வயது. கணவர் மலேசியாவின் ஈப்போவில் கணக்கு முடித்து வந்திருந்த வருடம். முதலில் ஆண், கொஞ்ச நேரம் கழித்துப் பெண். “ஒங்க அண்ணன் கூடப் பொறந்தது. பொம்பளப் பிள்ளை. கையளவு இருந்துச்சு. மூணாம் நாள் போயிருச்சு. சொன்னா அவன் மனசு தேடும்னு ஒங்க அப்பத்தா சொல்லக் கூடாதுன்னுட்டாக.”

அந்த அண்ணனுக்கு இப்போது 61 வயது. பேத்தியின் கல்யாணத்தில் அம்மான் சீர் எல்லாம் செய்தவர். தான் இரட்டையில் ஒருவர் என்பது அவருக்குத் தெரியாது.

பிறகு தானாகவே வந்தது. ஆயாவின் அக்கா தேவகோட்டையில் வாக்கப்பட்டவர். அவருக்கும் ரெட்டை, இரண்டும் பெண். “ஒண்ணு எலுமிச்சம்பழ நெறம், ஒண்ணு நம்ம கறுப்பு. ஒருத்தி குட்டை, ஒருத்தி நெட்டை. ஒரே வயித்துல இருந்துச்சுகன்னு யாரும் நம்பமாட்டாக.”

ஆணும் பெண்ணுமாய் ஒன்று, சாயலே ஒட்டாத இரண்டு பெண்கள் ஒன்று. இரண்டும் கூடப்பிறந்த அக்கா தங்கையிடம். அதிலும் ஆயாவுக்கு 25 வயதில், வயது கூட்டிய ஹார்மோன் என்ற சாக்கு இல்லாத நேரத்தில். மாமியார் வீட்டு மூன்றைவிட இந்த இரண்டுக்கு எடை அதிகம். நடுவில் மகளுக்கு, அதாவது நம் நோயாளியின் தாய்க்கு, இரண்டும் ஒற்றைப் பேறு. அவரிடம் அது இல்லை என்று பொருள் இல்லை. நூறில் 99 அப்படித்தான் போகும் என்று மேலே சொன்னேனே, அது.

தாளை மடியில் வைத்து இரண்டு கோடு இறக்கி, ஒரு சதுரமும் ஒரு வட்டமும் போட்டேன். வட்டத்தின் குறுக்கே கோடு, இறந்தவர் என்பதற்கு. ஆயா எட்டிப் பார்த்து, “அதுக்கும் போட்டீகளா?” என்று கேட்டார். போட்டேன் ஆச்சி என்றேன். அவர் கொட்டானை மூடி வைத்தார்.

எங்கள் படிப்பில் ‘குடும்பத்தில் இரட்டை உண்டா’ என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் கேள்வி இங்கே போதாது. உயிரோடு இருப்பவர்களை மனதில் வைத்துத்தான் எல்லாரும் பதில் சொல்கிறார்கள். அன்று முதல் எத்தனை பேறு, எத்தனை பிள்ளை என்று தனித்தனியாகக் கேட்கிறேன், தாயின் தாய் வரை. இரண்டு எண்ணும் பொருந்தாத இடத்தில் நின்றுவிடுகிறேன்.

பேறுகாலமும் பிரசவமும்

வம்சம் எதுவானாலும் இரட்டைக் கர்ப்பத்தின் கவனிப்பு நஞ்சைப் பொறுத்தது. இரண்டு நஞ்சு என்பதால் 4 வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் போதுமாக இருந்தது. ஒரே நஞ்சாக இருந்திருந்தால் ஒரு பிள்ளையின் ரத்தம் மற்றொன்றுக்குப் போய்விடும் ஆபத்துக்காக 16-ஆம் வாரத்திலிருந்து 2 வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் 28-ஆம் வாரத்தில் ஹீமோகுளோபின் 9.2-க்கு இறங்கியது, ஊசி மூலம் இரும்பு ஏற்றினோம். ரத்த அழுத்தம் கடைசி மாதம் கொஞ்சம் எட்டிப்பார்த்துவிட்டு அடங்கியது. இரட்டையில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறந்துவிடும். இவர் 37 வாரம் 2 நாள் தாங்கினார்.

இரண்டு தலையும் கீழே இருந்ததால் சுகப்பிரசவம். முதல் பெண் 2.4 கிலோ, 9 நிமிடம் கழித்து இரண்டாவது பெண் 2.2 கிலோ. இரண்டும் பெண் என்றதும் என் கணக்கு மறுபடி தொங்கலில் நின்றது. ஒரே பால், இரண்டு நஞ்சு: எந்த வகையாகவும் இருக்கலாம். முகத்தைப் பார்த்துப் பிறந்த குழந்தைகளைப் பிரிக்க முடியாது, ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். தொப்புள்கொடி ரத்தம் இரண்டையும் பரிசோதனைக்கு அனுப்பினேன். தாய் பி பாசிட்டிவ், தகப்பன் ஓ பாசிட்டிவ். முதல் குழந்தை பி, இரண்டாவது ஓ. ஒரு கருவிலிருந்து பிரிந்தவர்களுக்கு இரண்டு ரத்தப்பிரிவு இருக்காது. இரு கரு என்பது முடிவாயிற்று, மரபணுப் பரிசோதனைக்குச் செலவழிக்க வேண்டியிருக்கவில்லை. ரத்தப்பிரிவு ஒன்றாக இருந்திருந்தால் இவ்வளவு உறுதியாக எழுதியிருக்க முடியாது.

நாற்பது கழிந்து அம்மான் பிள்ளைகளைப் பார்க்க வந்தபோது அவர் தங்கை, அதாவது நோயாளியின் தாய், அவரிடம் சொல்லிவிட்டார். எப்படிச் சொன்னார் என்பது அவர்கள் வீட்டுக்குள் இருக்கட்டும். அம்மான் என்னிடம் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார், தன் இரண்டு மகள்களுக்கும் இது உண்டா என்று. இருக்கலாம் என்றேன். அவரிடம் வெளிப்படாதது மகள்களிடம் வெளிப்படலாம். பெரியவள் பெங்களூரில் இருக்கிறாள். அவளுக்கும் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன்.

பிறகு நடந்தவை

ஓர்ப்படியாளிடம் தாளை விரித்துவைத்துப் பேசினேன். அவள் இந்த வீட்டுக்கு மருமகள், இந்த வீட்டு ரத்தம் அல்ல. அவளுடைய தாய், தாயின் தாய், சித்தி, பெரியம்மா என்று எட்டுப் பெண்களின் பேறும் பிள்ளையும் எண்ணினோம். எல்லாம் பொருந்தியது, இரட்டை எங்கேயும் இல்லை. பட்டாலைப் படத்துக்கும் அவளுக்கும் தொடர்பு இல்லை. மாமியாரும் பக்கத்தில் இருந்து கேட்டார். சுவீகாரக் கதையை இனிமேல் சேர்த்தே சொல்வதாகச் சொன்னார். அவளுக்கு ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் சிகிச்சை நடக்கிறது, ஃபோலிக் மாத்திரை தொடங்கியிருக்கிறாள்.

இந்த வழக்கால் அதிகம் பயன்பட்டவர், நாங்கள் நினைத்துக்கூடப் பார்க்காத ஒருவர். நோயாளியின் தங்கை, வயது 28, மதுரையில் வாக்கப்பட்டவர். ஒன்றரை வருடமாகப் பிள்ளை தங்கவில்லை. ஓரிடத்தில் முட்டை வளர மாத்திரை கொடுத்து, ஸ்கேன் பார்க்காமலே மூன்று மாதம் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். அந்த மாத்திரை தானாகவே நூறில் 5 முதல் 10 பேறை இரட்டையாக்கும். அக்காவுக்கும் ஆயாவுக்கும் இரு கரு பிறந்த பெண்ணுக்கு அதை அளவு பார்க்காமல் கொடுப்பது சரியல்ல. மூன்று, நான்கு தங்கிவிட்டால் தாயும் பிள்ளைகளும் படும் பாடு சொல்லி மாளாது. மாத்திரையை நிறுத்திவிட்டு, ஒரு மாதம் இயற்கையாக என்ன நடக்கிறது என்று பார்ப்போம் என்றேன்.

12-ஆம் நாள் ஸ்கேனில் இடது சினைப்பையில் ஒரு முட்டைப்பை, 19 மி.மீ. வலப்பக்கம் திருப்பினேன். அங்கேயும் ஒன்று, 17.5. மாத்திரை இல்லை, ஊசி இல்லை. ஆயா வளவில் சொன்னது திரையில் இரண்டு கறுப்பு வட்டமாக நின்றது. தம்பதியிடம் திரையைக் காட்டினேன், இந்த மாதம் சேர்ந்தால் இரட்டையாகவும் வாய்ப்பு உண்டு என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “வந்தா ரெண்டையும் எங்க ஆயாகிட்டத்தான் முதல்ல காட்டணும்” என்றாள்.

போன வாரம் வந்தாள். 7 வாரம். ஒரு பை, ஒரு துடிப்பு.